ஓசி வேகம் போய் 'ஓசி எடிஷன்' வந்த கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. நாரணாபுரத்துல ஒரு அச்சகத்துல டிசைனரா வேலை பார்க்கிற நேயர் கேட்ட கேள்வி. "கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். ஒரே சிப்தான். ஒண்ணு சாதாரண மாடல். இன்னொண்ணுல பெட்டி மேலயே ஓசின்னு போட்டிருக்கு, அதுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூட. கூடக் கொடுத்து அதையே எடுக்கவா, இல்ல சாதாரணத்தை வாங்கி நானே ஓவர்கிளாக் பண்ணிக்கவா?"

நம்ம ஊர்ல ஓசின்னா காசில்லாம கிடைக்கிறது. கம்பெனி காலத்துத் தபால் முத்திரையில இருந்து வந்த சொல்னு ஒரு கதைகூடச் சொல்வாங்க. கிராபிக்ஸ் கார்டு பெட்டியில இருக்கிற ஓசி அது இல்லை. அது ஓவர்கிளாக்டு என்பதன் சுருக்கம். அதாவது தொழிற்சாலையிலேயே வேகத்தைக் கூட்டி வச்ச கார்டு, அதுக்குத்தான் கூடுதல் காசு. ஆனா வேடிக்கை என்னன்னா, இந்தக் கூடுதல் வேகம் ஒரு காலத்துல நிஜமாவே ஓசியாத்தான் கிடைச்சது. அது எப்படி விலைக்கு வந்தது என்ற வரலாறு தெரிஞ்சா, நேயருக்கு வேண்டிய பதிலும் அதுலயே கிடைக்கும். அதனால நேரா பதிலுக்குப் போகாம, கொஞ்சம் பின்னால இருந்து வருவோம்.

வத்தலும் சிப்பும்

முதல்ல, இந்த "மிச்ச வேகம்" எங்கே இருந்து வருது? இதுக்கு நாம விருதுநகர் வரைக்கும் போனா போதும். விருதுநகர் மார்க்கெட்டுக்கு வத்தல் வந்து இறங்கினா என்ன பண்ணுவாங்க? ஒரே காட்டுல, ஒரே விதையில விளைஞ்ச வத்தலா இருந்தாலும் நிறம் பார்த்து, காம்பு பார்த்து, ரகம் பிரிப்பாங்க. முதல் ரகம் ஒரு விலை, அடுத்த ரகம் ஒரு விலை.

சிப் தயாரிப்பும் இப்படித்தான். ஒரு வட்டமான சிலிக்கான் தகட்டுல ஒரே வரைபடத்தை வச்சு நூற்றுக்கணக்கான சிப் செய்றாங்க. ஆனா எல்லாம் ஒரே மாதிரி வராது. சிலது குறைஞ்ச வோல்டேஜிலேயே வேகமா ஓடும். சிலது அதே வேகத்துக்கு அதிக வோல்டேஜ் கேட்கும். சிலதுல ஒரு மூலை வேலையே செய்யாது. எல்லாத்தையும் சோதிச்சு ரகம் பிரிச்சு, வேற வேற பேர்ல, வேற வேற விலையில விற்கிறாங்க.

இதுல ரெண்டு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, பெட்டியில போடுற வேகம் அந்த ரகத்துல இருக்கிற மிக மோசமான சிப்பும் தாங்க வேண்டிய வேகம். கோடை வெயில்ல, காத்தோட்டம் இல்லாத கேபினெட்டுக்குள்ள, வருஷக்கணக்கா ஓடணும். அதனால சராசரி சிப்புக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாவே தெம்பு இருக்கும். ரெண்டாவது, சந்தையில ரெண்டாம் ரகத்துக்கு ஆர்டர் அதிகமா வந்து, கையில முதல் ரகம் நிறைய இருந்தா என்ன ஆகும்? முதல் ரகத்தையே ரெண்டாம் ரகச் சாக்குல கட்டி அனுப்புவாங்க. அந்தச் சாக்கு யார் கைக்குப் போகுதோ அவருக்கு யோகம்.

ஓவர்கிளாக்கிங் என்பதே அந்த மிச்சத்தைத் தேடி எடுக்கிற வேலைதான். இதன் வரலாறும், அந்த மிச்சம் காலத்துக்குக் காலம் யார் கைக்குப் போச்சு என்ற வரலாறுதான்.

படிகத்தை மாத்தினா வேகம்

1984. ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்ற கணினியை வெளியிடுது. உள்ளே இன்டெல்லின் 80286 செயலி. வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். கணினிக்குள்ள ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். அது துடிக்கிற தாளத்துக்குத்தான் செயலி வேலை செய்யும். ஏடியில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம், அதைப் பாதியாக்கினா 6.

அந்தப் படிகம் கழற்றி மாட்டக்கூடிய மாதிரி இருந்தது. விஷயம் தெரிஞ்சவங்க அதைக் கழற்றிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மாட்டினாங்க. செயலி 8 மெகாஹெர்ட்ஸில் ஓட ஆரம்பிச்சது. ஒரு சின்ன உதிரி பாகத்தின் விலைக்கு மூணுல ஒரு பங்கு கூடுதல் வேகம்!

ஐபிஎம் என்ன பண்ணுச்சு? பின்னால வந்த ஏடி மாடல்களின் பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தது. கணினி நிர்ணயிச்ச வேகத்தைத் தாண்டி ஓடுனா, தொடங்கும்போதே பிழைன்னு சொல்லி நின்னுடும். கவனிங்க, இந்தக் கதையின் மொத்த வடிவமும் இந்த ஒரு சம்பவத்துலயே இருக்கு. பயன்படுத்துறவர் மிச்சத்தைக் கண்டுபிடிக்கிறார், தயாரிப்பாளர் கதவை அடைக்கிறார்.

1998: ஏழைகளின் பென்டியம்

அடுத்த பெரிய கட்டம் 1998 ஆகஸ்ட். இன்டெல் ஒரே நேரத்துல ரெண்டு சிப்பை விற்பனைக்கு விட்டது. ஒண்ணு பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். இன்னொண்ணு மலிவு விலை செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர்.

செலரானின் கணக்கு இது: மதர்போர்டின் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை 4.5ஆல் பெருக்கினா 300. இந்த 4.5ஐ மாத்த முடியாதபடி இன்டெல் பூட்டிடுச்சு. ஆனா மதர்போர்டின் தாளத்தைப் பூட்ட முடியலை. அபிட் என்ற தைவான் நிறுவனத்தின் பிஎச்6 போர்டுல, ஸ்க்ரூடிரைவர்கூட எடுக்காம, பயாஸ் திரையிலேயே 66ஐ 100ஆ மாத்தலாம். 100ஐ 4.5ஆல் பெருக்கினா 450. நிறைய 300ஏ சிப்புகள் அந்த வேகத்துல சலிக்காம ஓடின. 149 டாலர் சிப், 669 டாலர் சிப்போடு தோளுக்குத் தோள் நின்னது.

2000ல் ஏஎம்டி பக்கம் இன்னொரு அதிசயம். டியூரான், தண்டர்பேர்ட் அத்லான் செயலிகளின் மேல்பரப்புல சின்னச் சின்ன இணைப்புப் பாலங்கள் இருந்தன. வெட்டப்பட்ட பாலத்தின் மேல சாதாரண பென்சிலால கோடு போட்டா, கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறந்துக்கும். பள்ளிக்கூடப் பென்சில்தான் அதுக்குச் சாவி.

ஆனா இந்தக் காலத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. மிச்சத்தைக் கண்டுபிடிச்சது பயன்படுத்துறவர் மட்டும் இல்லை, இடையில இருந்த வியாபாரியும்தான். குறைஞ்ச வேகச் சிப்பின் மேல இருக்கிற எழுத்தைச் சுரண்டி, அதிக வேகத்தை அச்சடிச்சு, அதிக விலைக்கு விற்கிற மோசடி 90களில் உலகம் முழுக்க நடந்தது. வாங்கினவருக்கு அது ஓவர்கிளாக் பண்ணின சிப்னே தெரியாது. சித்திரை வெயில்ல கணினி உறைஞ்சு நிக்கும், காரணம் புரியாது. இன்டெல் பெருக்கலைப் பூட்டினதுக்கு இந்த மோசடியும் ஒரு முக்கியமான காரணம்.

யோசிச்சுப் பாருங்க. வாங்குறவருக்கு முன்னாடியே வேற யாரோ வேகத்தைக் கூட்டி, அதுக்குக் காசு வாங்குறாங்க. மறைச்சு செஞ்சா மோசடி. பெட்டி மேல எழுதி, உத்தரவாதமும் கொடுத்து செஞ்சா? அதுதான் அடுத்த கட்டம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம்

1999ல் என்விடியா ஜிபோர்ஸ் 256ஐ கொண்டு வந்து, ஜிபியு என்ற சொல்லையே சந்தையில பிரபலமாக்குச்சு. அந்தச் சிப்பின் வேகம் 120 மெகாஹெர்ட்ஸ்தான். கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்றது செயலியைவிட எளிது, எல்லாம் மென்பொருள்லயே முடியும். என்விடியாவின் டிரைவருக்குள்ளேயே வேகத்தைக் கூட்டுற திரை ஒளிஞ்சிருந்தது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில கூல்பிட்ஸ் என்ற ஒரு மதிப்பை எழுதினா அது வெளியே வரும். ரிவாடியூனர் என்ற இலவச மென்பொருளை அலெக்ஸி நிகோலாய்ச்சுக் என்ற ரஷ்ய நிரலாளர் எழுதினார். இன்னைக்குப் பலரும் பயன்படுத்துற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் அதன் வழிவந்ததுதான்.

இந்தக் காலத்தின் உச்சம்னா ரேடியான் 9500. ஏடிஐ நிறுவனம் 2002ல் விட்டது. விலை கூடின ரேடியான் 9700ல் எட்டு பைப்லைன். 9500லயும் அதே சிப்தான், ஆனா நாலு பைப்லைனை மூடி வச்சிருந்தாங்க. மாற்றி எழுதின டிரைவரைப் போட்டா மூடின நாலும் திறந்துக்கும். 9500 வாங்கினவர் 9700ஐ வீட்டுல வச்சிருப்பார். ஆனா எல்லாருக்கும் இல்லை. சிலருக்குத் திரை முழுக்கச் சதுரங்கக் கட்டம் மாதிரி புள்ளிகள் வந்தது. அவங்களோட சிப்புல அந்த நாலும் நிஜமாவே பழுது. இவங்க சாக்குல வந்தது உண்மையான ரெண்டாம் ரகம்.

சென்னை ரிச்சி தெருவுல பாகம் பாகமா வாங்கி வந்து கணினி அசெம்பிள் பண்ணின தலைமுறைக்கு, இப்படிப்பட்ட சங்கதிகள் பெரிய விஷயம். எந்த மாடல் திறக்கும், எந்த வாரத்துத் தயாரிப்பு நல்லா ஓடும் என்ற தகவலே ஒரு சொத்து.

காலண்டர் கணக்கு

இப்போ தொழிற்சாலை ஓவர்கிளாக் எப்படி வந்ததுன்னு பார்ப்போம். இதைப் புரிஞ்சுக்கச் சிவகாசிக்காரங்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

தீப்பெட்டி லேபிளுக்காக நம்ம ஊருக்கு வந்த அச்சுத் தொழில், பிறகு காலண்டர், டைரின்னு வளர்ந்தது. காலண்டர் வியாபாரத்துல என்ன நடக்குது? ஒரே முருகன் படம், ஒரே பேப்பர், ஒரே கலர். கீழே கடைப் பேர் மட்டும் மாறும். மதுரையில ஒரு ஜவுளிக்கடை, திருநெல்வேலியில ஒரு அல்வாக்கடை.

கிராபிக்ஸ் கார்டும் அதே கணக்குதான். என்விடியாவும் ஏஎம்டியும் பெரும்பாலும் சிப்பைத்தான் கொடுக்கும். அதை வாங்கி போர்டுல வச்சு, ஃபேன் மாட்டி, பெட்டியில போட்டு விற்கிறது அசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோடாக் மாதிரி வேற கம்பெனிகள். எல்லாருக்கும் ஒரே சிப். அப்போ என் கார்டை ஏன் வாங்கணும்னு எப்படிச் சொல்றது? வேற ஃபேன், வேற ஸ்டிக்கர், கொஞ்சம் கூடுதல் வேகம்.

அமெரிக்காவுல 2002ல் தொடங்கின பிஎஃப்ஜி என்ற நிறுவனம் இதையே அடையாளமா வச்சுக்கிட்டது. பெட்டியில ஓசி என்ற எழுத்து, அதோட அந்த நாட்டுல வாழ்நாள் உத்தரவாதம். ஈவிஜிஏ நிறுவனம் சூப்பர்கிளாக்டுன்னு தனி வரிசையே விட்டது. வாங்குறவருக்கும் இதுல ஒரு நியாயம் தெரிஞ்சது. நானே கூட்டினா கார்டு போனா என் பொறுப்பு. அவங்க கூட்டிக் கொடுத்தா அவங்க பொறுப்பு. அதாவது கூடுதல் காசு வேகத்துக்கு மட்டும் இல்லை, "போனா மாத்திக் கொடுப்போம்" என்ற வார்த்தைக்கும்தான்.

அந்தக் காலத்துல இது மோசமான பேரம் இல்லை. சிப்புக்குள்ள மிச்சம் நிறைய இருந்தது. நிறுவனம் கொஞ்சம் எடுத்து விற்றாலும், வாங்குறவருக்கும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

செயலி பக்கமும் இதே பாதைதான். எந்தப் பெருக்கலை இன்டெல் 90களில் பூட்டினதோ, அதன் சாவியை 2010, 2011 வாக்கில் தானே விற்க ஆரம்பிச்சது. மாடல் எண்ணுக்குப் பின்னால கே என்ற எழுத்து இருந்தா பூட்டு இல்லை, விலை சில டாலர் கூட. ஒரு காலத்துல பென்சிலால திறந்த கதவுக்கு இப்போ டிக்கெட் கொடுத்தாங்க.

2012: சிப்பே தன்னைக் கூட்டிக்கிட்டது

இந்தக் கதையின் திருப்பம் 2012 மார்ச். என்விடியா ஜிடிஎக்ஸ் 680ஐ விட்டது. அதுல ஜிபியு பூஸ்ட் என்ற ஏற்பாடு. முன்னாடி கார்டுக்கு ஒரே வேகம்தான். இதுல அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் வேகம் 1058. சிப் தன் சூட்டையும், இழுக்கிற மின்சாரத்தையும் நொடிக்கு நொடி கவனிக்கும். இடம் இருந்தா தானே வேகத்தைக் கூட்டிக்கும், இல்லைன்னா குறைச்சுக்கும்.

இதோட அர்த்தம் என்ன? இத்தனை வருஷம் பயன்படுத்துறவர் தேடி எடுத்த, பிறகு கார்டு கம்பெனி எடுத்து விற்ற அந்த மிச்சத்தை, இப்போ சிப்பே எடுத்துக்குது. 2016ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080ஐ எடுத்துக்கோங்க. அறிவிச்ச பூஸ்ட் வேகம் 1733. சூடு குறைவா இருந்தா, யாரும் கை வைக்காமலே 1800ஐத் தாண்டி ஓடும். சாதாரணக் கார்டே ஓவர்கிளாக் ஆன கார்டு மாதிரி ஆயிடுச்சு.

அதே 2012ல் வோல்டேஜ் மேலயும் என்விடியா கட்டுப்பாட்டை இறுக்குச்சு. ஈவிஜிஏ தன் உயர்ரக 680 கார்டுல, வெளியே இருந்து ஒரு சின்னக் கருவியைச் செருகி வோல்டேஜைக் கூட்டுற வசதி வச்சிருந்தது. அதை எடுக்க வேண்டியதாச்சு. 2015 பிப்ரவரியில லேப்டாப் ஜிபோர்ஸ் 900எம் வரிசையில ஓவர்கிளாக்கையே டிரைவர் மூலம் மூடினாங்க. பயனர்கள் கடுமையா எதிர்த்ததும் திரும்பத் திறந்துவிட்டாங்க. காசு கொடுத்து வாங்கின பொருள் மேல யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி அப்போ வெளிப்படையா வந்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. வோல்டேஜைக் கூட்டினா சிப்பின் ஆயுசு குறையும். போன கார்டு உத்தரவாதத்துல திரும்பி வந்தா நஷ்டம் யாருக்கு? ஆனா விளைவு என்னவோ ஒண்ணுதான்: வீட்டுல உட்கார்ந்து தேடி எடுக்கிற மிச்சம் சுருங்கிப் போச்சு.

தொழிற்சாலையும் தவறும்

சரி, மிச்சம் சுருங்கின பிறகும் கம்பெனிகள் ஓசி எடிஷன் விற்றுக்கிட்டேதான் இருந்தாங்க. இருக்கிற சின்ன இடத்துல வேகத்தைத் திணிக்கும்போது என்ன நடக்கும்? மூணு சம்பவம் சொல்றேன்.

2016 இறுதி. ஈவிஜிஏவின் ஜிடிஎக்ஸ் 1070, 1080 கார்டுகள் சிலதுல மின்சாரம் கொடுக்கிற பகுதி அளவுக்கு மீறிச் சூடாகுதுன்னு புகார் வந்தது. சிலது கருகியும் போச்சு. சூட்டைக் கடத்துற பட்டைகளை இலவசமா அனுப்பி, ஃபேன் வேகத்தைக் கூட்டுற பயாஸும் கொடுத்தாங்க. சிப் நல்லாத்தான் இருந்தது, பக்கத்துல இருந்த பாகத்துக்குத்தான் காத்து போதலை.

2020 ஜனவரி. ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி, விலை 279 டாலர். வெளியீட்டுக்குச் சில நாள் முன்னாடி என்விடியா ஆர்டிஎக்ஸ் 2060ன் விலையை 299க்கு இறக்குச்சு. போட்டியைச் சமாளிக்க ஏஎம்டி கடைசி நிமிஷத்துல புது பயாஸ் கொடுத்து வேகத்தைக் கூட்டுச்சு. கார்டுகள் ஏற்கெனவே பெட்டியில அடைச்சுக் கடைக்குப் போயாச்சு! வாங்கினவங்களே பயாஸை மாத்த வேண்டிய நிலை. நினைவகத்தை 12ல் இருந்து 14 கிகாபிட் வேகத்துக்குக் கூட்டினா எல்லாக் கார்டும் தாங்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு எம்எஸ்ஐ தரப்புலயே சொன்னாங்க.

2020 செப்டம்பர். ஆர்டிஎக்ஸ் 3080 வந்த சில நாள்லயே விளையாட்டு நடுவுல நின்னு போகுதுன்னு உலகம் முழுக்கப் புகார். பெரும்பாலும் பூஸ்ட் வேகம் 2000 மெகாஹெர்ட்ஸைத் தொடும்போது. இதுல தொழிற்சாலையில கூட்டின கார்டுகள் நிறைய இருந்தன. போர்டின் பின்பக்கக் கெப்பாசிட்டர்கள்தான் காரணமான்னு பெரிய விவாதம். மாசக் கடைசியில என்விடியா புது டிரைவர் விட்டு வேக நடத்தையைக் கொஞ்சம் திருத்துச்சு, பிரச்சினை பெருமளவு தணிஞ்சது.

தொழிற்சாலை ஓவர்கிளாக்னா முழுசா சோதிச்சுத் தர்ற பாதுகாப்பான வேகம் என்ற நம்பிக்கைக்கு இந்த மூணும் ஒரு திருத்தம். உத்தரவாதம் உண்மை. ஆனா உத்தரவாதம் என்பது "கெடாது" என்ற உறுதி இல்லை, "கெட்டா பார்த்துக்கலாம்" என்ற உறுதி. தீபாவளி ஆர்டர் நெருக்கடியில கார்டு சர்வீஸுக்குப் போனா, அது திரும்பி வர்ற வரைக்கும் உங்க வேலை?

2022 செப்டம்பரில் ஈவிஜிஏ கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு வெளியேறுச்சு. சிப்புக்காரருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல நின்னு, மிச்ச வேகத்தைப் பொட்டலம் கட்டி விற்ற நிறுவனங்கள்ல முக்கியமானது அது. நடுவுல இருக்கிறவருக்கு லாபமும் சுதந்திரமும் எவ்வளவு குறைஞ்சிருந்ததுன்னு அதுலயே தெரியும்.

அப்போ எதை வாங்கறது?

வரலாறு கொடுக்கிற பதில் இதுதான். 1998ல் கேள்வி "வேகத்தை யார் கூட்டறது" என்பது. அப்போ ஐம்பது சதவீத மிச்சம் இருந்தது. இன்னைக்குச் சாதாரணக் கார்டுக்கும் அதே சிப்பின் ஓசி கார்டுக்கும் நடைமுறை வித்தியாசம் பெரும்பாலும் ரெண்டு முதல் ஐந்து சதவீதம். பத்து நிமிஷ ரெண்டரிங்குல அரை நிமிஷம். நீங்களே கூட்டினாலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அதிர்ஷ்டம் இருந்தா கொஞ்சம் கூட. அந்த மெகாஹெர்ட்ஸுக்காக மட்டும் ஆயிரக்கணக்குல கொடுக்கிறது நஷ்டக் கணக்கு.

ஆனா "அப்போ எப்பவும் மலிவானதையே எடு"ன்னும் சொல்ல மாட்டேன். விலை கூடின கார்டுல வேகத்தோட வேற சில பொருளும் சேர்ந்து வரும். பெரிய ஹீட்சிங்க், நல்ல ஃபேன், தரமான மின்சுற்று. இன்னைக்குச் சிப் தன் வேகத்தைச் சூட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுது. அதனால உண்மையான வேகத்தை விற்கிறது ஃபேன்தான், ஓசி என்ற எழுத்து இல்லை.

நம்ம பக்கத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். விமர்சனம் பண்றவங்க ஏசி அறையில, 22 டிகிரியில கார்டைச் சோதிச்சு 70 டிகிரின்னு சொல்வாங்க. நாரணாபுரத்துல சித்திரை மத்தியானம், ஏசி இல்லாத அறை 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தப் பதினெட்டு டிகிரியை அப்படியே கூட்டிக்கோங்க, 88 வருது. பல ஜிபோர்ஸ் கார்டுகள் 83 டிகிரியிலேயே வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சுடும். அப்போ நீங்க காசு கொடுத்து வாங்கின ஓசி வேகம் பெட்டி மேலதான் இருக்கும். அச்சகத்துல காகிதத் தூசி, ஆஃப்செட் மெஷின்ல தூவுற ஸ்ப்ரே பவுடர் எல்லாம் ஃபேன்ல படியும். மாசம் ஒரு தடவை ஊதிச் சுத்தம் பண்றதே ஒரு ஓவர்கிளாக்தான்.

ஆக, கடையில இப்படிப் பாருங்க. ஒரே வரிசையில ஓசி உள்ளது, இல்லாதது ரெண்டும் இருந்து, ஹீட்சிங்க், ஃபேன், போர்டு எல்லாம் ஒண்ணாவே இருந்தா, ஓசி இல்லாததை எடுங்க. நீங்க விட்டுக்கொடுக்கிறது சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். ஒண்ணுல சின்ன ஃபேன், இன்னொண்ணுல பெரிய ஹீட்சிங்குன்னா, பெரியதுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், ஓசி எழுத்து இருந்தாலும் இல்லைன்னாலும். ஆனா அந்தக் கூடுதல் விலை உங்களை அடுத்த பெரிய சிப்பின் விலைக்குக் கொண்டு போனா, பெரிய சிப்பையே எடுங்க. மேல் ரகத்துச் சாதாரணக் கார்டை, கீழ் ரகத்து ஓசி கார்டு பெரும்பாலும் எட்டிப் பிடிக்காது.

நீங்களே கூட்டறதா இருந்தா, எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கேம் ஆடவா, கத்துக்கவான்னா தாராளமா செய்யலாம். கேம் நடுவுல நின்னா திரும்பத் தொடங்கிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் மணிக்கணக்கா ஓட்டிப் பாருங்க. மார்கழிக் குளிர்ல ஓடின வேகம் சித்திரையில ஓடணும்னு கட்டாயம் இல்லை. நினைவகத்தைக் கூட்டும்போது இன்னும் கவனம் வேணும். இப்போ வர்ற நினைவகங்கள் பிழையைக் கண்டுபிடிச்சு திரும்ப அனுப்பும். கணினி நிக்காது, ஆனா திரும்பத் திரும்ப அனுப்புறதுலயே வேகம் குறையும். எண் கூடும், வேலை நடக்காது. பயாஸை மாத்தி எழுதுறது, சால்டரிங் பண்றதெல்லாம் உத்தரவாதத்தோட விளையாடுற விஷயம். நிபந்தனையை வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க, பில்லைப் பத்திரமா வைங்க.

சோத்துக்கான வேலைன்னா, ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டுட்டுத் தூங்குற கணினின்னா, என் யோசனை எதிர்ப்பக்கம். வேகத்தைக் கூட்டாதீங்க, வோல்டேஜைக் குறைங்க. சிப் எடுக்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைச்சா, அதே வேகத்துல மின்சாரம் கிட்டத்தட்ட பத்தொன்பது சதவீதம் குறையும். ரகம் பிரிக்கும்போது விட்டு வச்ச மிச்சம் இன்னைக்கும் சிப்புக்குள்ள இருக்கு. அதை வேகமா எடுக்காம, குளிர்ச்சியா எடுத்துக்கிறோம். நம்ம வெயிலுக்கு, நம்ம கரண்ட் பில்லுக்கு அதுதான் லாபம். இதையும் சோதிச்சுத்தான் செய்யணும், ரொம்பக் குறைச்சாலும் கார்டு நிக்கும்.

பட்டாசுத் தொழில் நடக்கிற ஊர்ல அளவு மீறினா என்ன ஆகும்னு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டுல அந்த ஆபத்து இல்லை, போனா காசும் நேரமும்தான். ஆனா மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்குறவருக்கு அதுவும் சின்ன விஷயம் இல்லை. மிச்சமாகிற ரூபாயில ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்க. வோல்டேஜ் ஏறி இறங்குற லைன்ல, எந்த ஓசி எடிஷனைவிடவும் அதுதான் உங்க கார்டுக்கு ஆயுசு கொடுக்கும்.

இதுல மாற்றுக் கருத்து இருந்தாலோ, உங்க பழைய செலரான், ரேடியான் கதைகள் இருந்தாலோ எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஏன் சாகலைன்னு பேசுவோம்.